பூச்சுக்கு அடியில் விளையும் காவல்

ஜெட் எஞ்சினின் டர்பைன் பிளேடுகளைக் கடக்கும் வாயு, அவற்றின் உலோகக்கலவை உருகும் வெப்பநிலையையும் விஞ்சியது. பிளேடு உருகாதிருக்க உள்ளே குளிர்காற்று ஓடுகிறது. வெளியே சிர்கோனியா என்னும் பீங்கான் பூச்சு இருக்கிறது. ஆயினும் சிர்கோனியா மறிப்பது வெப்பத்தை மட்டுமே. ஆக்சிஜனுக்கு அது திறந்த வாயில்.

ஆக்சிஜனை மறிப்பது எது என்ற கேள்வி பழையது. 1923இல் பில்லிங், பெட்வர்த் இருவரும் எளிய கணக்கொன்றை முன்வைத்தனர்: உலோகம் ஆக்சைடாகும்போது கனஅளவு எத்தனை மடங்காகிறது? மக்னீசியத்துக்கு விடை ஏறத்தாழ 0.8, ஆக்சைடு பரப்பை முழுதும் மூடாது. அலுமினியத்துக்கு 1.28, மூடிவிடும். 1933இல் கார்ல் வாக்னர், படலத்தினூடே அயனிகளும் எலக்ட்ரான்களும் நகர்வதே அதன் வளர்ச்சி என விளக்கினார். தடிமன் கூடக்கூட வேகம் தணியும். ஆகவே காப்பு என்பது ஆக்சிஜனேற்றத்தை நிறுத்துவதன்று. மெல்ல வளரும் ஆக்சைடைத் தேர்வது.

பீங்கான் பூச்சு வேறு வழியில் வந்தது. 1960களில் எக்ஸ்-15 விமானத்தின் ராக்கெட் தாரைக்குழலில் சிர்கோனியா பூசப்பட்டது. தூய சிர்கோனியா குளிர்கையில் படிக அமைப்பு மாறி, 4 முதல் 5 விழுக்காடு பருத்து வெடிக்கும். வேறொரு ஆக்சைடைக் கலந்தே அதை நிலைப்படுத்த வேண்டும். 1976இல் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையம் யிட்ரியா கலந்த சிர்கோனியாவை ஜெ-75 எஞ்சினில் சோதித்தது. எடையில் 6 முதல் 8 விழுக்காடு யிட்ரியாவே நீண்ட ஆயுள் தருகிறதென ஸ்டெகுரா பின்னர் காட்டினார். முழு நிலைப்பாட்டுக்குத் தேவையானதைவிட இது குறைவு என்பதே வியப்பு.

பூச்சைக் கடந்து இறங்கும் ஆக்சிஜன், அடியிலுள்ள பிணைப்புப் பூச்சின் அலுமினியத்தோடு கூடி மெல்லிய அலுமினாப் படலமாகிறது. உண்மையான காவல் இதுவே. (தமிழில் ‘பூச்சு’ என்றால் மேலே இட்டதுதான், தானே விளையும் இதற்கு அச்சொல் பொருந்தாது.) ஆனால் காவலே கேடும் ஆகிறது. குளிரும்போது உலோகம் அதிகமாகவும் அலுமினா குறைவாகவும் சுருங்குவதால், படலத்தில் கிகாபாஸ்கல் அளவில் அழுத்தம் தேங்கும். படலம் சில மைக்ரான் தடித்ததும் வெடிப்புகள் இணைந்து, மேலிருக்கும் சிர்கோனியா பெயர்ந்து விழும்.

படலம் உதிராதிருக்க ஒரு வழி பூச்சுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. வெப்பமூட்டும் கம்பிகளின் உலோகக்கலவையில் சிறிதளவு சீரியம் சேர்த்தால் ஆயுள் நீளும் என்று 1937இல் பைல் பிரிட்டானியக் காப்புரிமை பெற்றார். இன்று பிணைப்புப் பூச்சில் அவ்வேலையை யிட்ரியமும் ஹாஃப்னியமும் செய்கின்றன. அவை அலுமினிய அயனிகளின் வெளிநகர்வைத் தணிக்கின்றன என்பர் ஒருசாரார். ஒட்டுதலைக் கெடுக்கும் கந்தகத்தைப் பிடித்துவைக்கின்றன என்பர் மற்றொருசாரார்.