காதற்பாட்டு நாட்டுப்பண்ணான வரலாறு

பாட்டின் சொற்கள் மாறினும் மெட்டு நிலைத்து நிற்றல் இசையுலகிற்குப் புதிதன்று. மலேசிய நாட்டுப்பண்ணாகிய 'நெகாராக்கூ' அதற்குத் தக்க சான்று. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை தமிழ்ப்பள்ளிச் சபைகூடல்களில் நம் மாணவர் நிமிர்ந்து நின்று பாடும் அம்மெட்டு, ஒரு காலத்தில் காதற்பாட்டின் மெட்டாக ஊரெங்கும் வழங்கியது.

பேராக்கில் 1875ஆம் ஆண்டு ஆங்கில ரெசிடெண்டு பர்ச் கொல்லப்பட்டார். அதன் தொடர்பாகச் சுல்தான் அப்துல்லா 1877இல் செய்ச்செல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். அத்தீவில் வழங்கிய பிரெஞ்சு மெட்டொன்றே பேராக் மாநிலப் பண்ணாயிற்று என்பது வழிவழி வரும் செய்தி. அரண்மனையில் அரசனை வாழ்த்திய அதே மெட்டு, மக்களிடையே 'தெராங் பூலான்' என்னும் பெயரில் நிலவொளியைப் பாடிற்று. ஆடவர் சொல்லை எளிதில் நம்பற்க என்று மகளிரை எச்சரித்தது. அதனைப் பரப்பியது பங்சாவான் நாடகமேடை. பம்பாய்ப் பார்சி நாடகக் குழுக்களைப் பின்பற்றிப் பினாங்கில் 1880களில் தோன்றிய கலை அது. தமிழ் நாடகக் கம்பெனிகளும் அப்பார்சி மேடையின் சாயலைப் பெற்றவையே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பின்னர் 1947இல் இம்மெட்டு 'மாமுலா மூன்' என்ற ஆங்கிலப் பாட்டாகி இசைத்தட்டிலும் ஏறிற்று.

மலாயா விடுதலை பெறும் வேளையில் நாட்டுப்பண் வேண்டி உலகளாவிய போட்டி நடந்தது. 514 படைப்புகள் வந்தன, ஒன்றும் தேறவில்லை. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன் போன்ற பெரும் இசைவாணர் ஆக்கித் தந்தவையும் ஏற்கப்படவில்லை. முடிவில் துங்கு அப்துல் ரகுமான் தலைமையிலான குழு, 1957 ஆகஸ்டு 5இல் பேராக் பண்ணின் மெட்டையே தேர்ந்தது. பிறந்த மண்ணைப் போற்றும் புதிய சொற்கள் அதற்கு அமைந்தன. ஆகஸ்டு 31இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் அது முழங்கிற்று. அதன்பின் அம்மெட்டைக் கேளிக்கைப் பாட்டாகப் பாடுதல் விலக்கப்பட்டது. 1968இல் தேசிய கீதச் சட்டமும் பிறந்தது.

காதற்பாட்டின் மெட்டு நாட்டிற்கு ஆகுமோ என ஐயுறுவார் உளர். தமிழ் மரபறிந்தார் அங்ஙனம் ஐயுறார். கழுகுமலை முருகனைப் பாடிய அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தில் அகத்துறைப் பாடல்கள் உண்டு. பாரதியாரும் நந்தனார் சரித்திர மெட்டுகளில் நாட்டுப் பாடல்கள் இயற்றினார். மக்கள் நாவில் பழகிய மெட்டைப் பற்றிக்கொண்டே புதிய கருத்து விரைந்து பரவுகின்றது.

1992இல் நாட்டுப்பண்ணின் நடை துரிதமாக்கப்பட்டது. அது மக்கள் நெஞ்சில் ஒட்டவில்லை. 2003இல் பழைய நடையே மீண்டது. அரசு மெட்டைத் தேர்ந்தெடுக்கலாம். அதனை வாழவைப்பவர் பாடுவோரே. நாட்டுப்புற மெட்டை எளிதென்று ஒதுக்கும் ஆசிரியர், பத்துமலைக்குக் காவடியுடன் நடக்கும் அடியார் பாட்டையும், வகுப்பு மாணவன் முணுமுணுக்கும் தெம்மாங்கையும் ஒருமுறை செவிமடுத்துக் கேட்பாராக. நாளைய பண் எந்த மெட்டிலிருந்து எழும் என்பதை யாரே முன்னறிந்து கூறவல்லார்?