உடையோடு வந்த சொற்கள்

ஊர்காவற்றுறைக்குக் கயிற்ஸ் என்றும் ஒரு பெயர் உண்டு. கலங்கள் அணையும் துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு அது. யாழ்ப்பாணத்து யானைகள் அங்கே கப்பலேறியமையால் அவர்கள் அதனை யானைத்துறை என்றே வழங்கினர். யானைகளை ஏற்றிப்போனவர்கள் சொற்கள் சிலவற்றை விட்டுப்போயினர். அவற்றுள் உடைபற்றியவை தனியே நோக்கத் தக்கன.

சப்பாத்து, மேசு, களிசான், லேஞ்சி, துவாய், பொத்தான் ஆகியன நம்மவர் வாயில் நெடுங்காலம் பயின்றவை. காலுறையே மேசு, கைக்குட்டையே லேஞ்சி. பொத்தானைப் 'பொத்துதல்' என்னும் வினையோடு இயைத்துப் பார்க்கத் தோன்றும்; ஆயினும் அது போர்த்துக்கேயச் சொல்லே. அம்மொழியில் மூக்கொலியோடு முடியும் ஈறு தமிழர் செவியில் 'ஆன்' என ஒலித்தது. களிசானும் அவ்வாறு பிறந்ததே.

ஸ்பானியர் சப்பாத்தைச் 'சப்பாத்தோ' என்றும் பொத்தானைப் 'பொத்தோன்' என்றும் கூறுவர். இவ்வொற்றுமை கண்டு ஸ்பானியமும் இங்கே வந்ததோ என ஐயுறலாம். 1619ஆம் ஆண்டு பிலிப் டி ஒலிவேறா யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபோது, போர்த்துக்கல்லின் முடியும் ஸ்பானிய மன்னன் மூன்றாம் பிலிப்பின் தலையிலேயே இருந்தது. 1580 முதல் 1640 வரை அந்நிலை நீடித்தது. எனினும், முடி ஒன்றாயினும் ஆட்சிமொழி ஒன்றாகவில்லை. கடல்கடந்து வந்தவர் பேசியது போர்த்துக்கேயமே. இரண்டும் இலத்தீன் ஈன்ற மொழிகளாதலின் சாயல் ஒத்தது, அவ்வளவே.

வியப்பு வேறொன்றில் உளது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை நேரே ஆண்டது 1658 வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டே. பின்வந்த ஒல்லாந்தரோ 1795 வரை ஆண்டனர். நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். கந்தோர் என்னும் சொல்லையும் துட்டு என்னும் காசுப் பெயரையும் தந்தனர். ஆனால் சப்பாத்தின் பெயரை அவர்களால் மாற்ற இயலவில்லை. பொருளும் பெயரும் முன்னரே ஒன்றாய் வந்து குடியேறிவிட்டன. அன்றியும், ஒல்லாந்தர் இல்லங்களிலேயே போர்த்துக்கேயக் கலப்புமொழி புழங்கிற்று. அதனை ஒடுக்க அவர்தம் அதிகாரிகள் முயன்றும் பயன் விளையவில்லை.

வேட்டிக்கும் சேலைக்கும் அயற்பெயர் வேண்டியிருக்கவில்லை. உடுத்துவதற்கும் சுற்றுவதற்கும் பொத்தான் எதற்கு? தைத்தும் பூட்டியும் அணிவன வந்தபோதே புதுப்பெயர்கள் தேவைப்பட்டன. நெடுந்தீவின் கடற்கரையில் வலையிழுப்பவனுக்குச் சப்பாத்தால் ஆவதொன்றில்லை. அவனும் அச்சொல்லை அறிந்திருந்தான் என்பதே சிறப்பு.

சட்டையைக் குறிக்கும் கமிசு சற்றுச் சிக்கலானது. போர்த்துக்கேயத்தில் 'கமிசா' உண்டு; அரபியிலும் 'கமீஸ்' உண்டு. அச்சொல்லை ஒரு வழியினதே எனத் துணிதல் தகாது. ஜாக்கெற்று என்பதோ ஆங்கிலத்தின் வழி வந்தது. ஸ்பானியரின் 'சக்கெத்தா'வும் அதுவும் பிரெஞ்சு மொழியில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆயினும் ஊர்காவற்றுறை வழியாக அது வரவில்லை.

இன்று களிசானை 'லோங்ஸ்' வென்றது. மேசைச் 'சொக்ஸ்' வென்றது. லேஞ்சி பெரும்பாலும் முதியோர் நாவில் எஞ்சியிருக்கிறது. பொத்தான் மட்டும் பாக்கு நீரிணைக்கு இருபுறத்தும் தமிழாகவே வழங்குகின்றது.