ஐந்து நொடியில் நின்ற எண்ணிக்கை

விருத்தாசலத்திற்கு வருவோர் பழமலைநாதர் கோயிலைத் தரிசித்துவிட்டு, திரும்பும்போது ஒரு பீங்கான் பொம்மையையோ ஜாடியையோ வாங்கிச் செல்வதுண்டு. அந்தப் பொம்மை சூளைக்குள் ஆயிரம் டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்து வந்தது. பச்சை மண் உருவில் ஈரம் தங்கியிருந்தால், சூளையின் வெப்பத்தில் அது நீராவியாகி உருவைப் பிளந்துவிடும். வெந்த மண்ணை மறுபடியும் களிமண்ணாக்க முடியாது. ஆகவே, சந்தேகம் இருந்தால் சூளையை மூட்டாதே என்பது எங்கள் ஊர்த் தொழிலாளியின் முதற்பாடம்.

இராக்கெட் ஏவுவோருக்கும் இதுவே முதற்பாடம் என்றால் நீங்கள் வியப்படையக்கூடும். நம் நாடு இந்தப் பாடத்தைக் கற்ற வரலாற்றைப் பார்ப்போம்.

2023ஆம் ஆண்டு அக்டோபர் 21, சனிக்கிழமை. ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்பு. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் முதல் சோதனை ஊர்திப் பயணம் (டிவி-டி1) அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடைபெற இருந்தது. விடுமுறை நாளாயினும் மாணவர் சிலர் கல்லூரிக்கு வந்திருந்தனர். இஸ்ரோவின் நேரடி ஒளிபரப்பை ஒரு கணினித் திரையில் அனைவரும் கூடிப் பார்த்தோம். நாட்டின் பல மூலைகளிலும் விண்வெளி ஆர்வலர்கள் அதே காட்சியை அதே கணத்தில் பார்த்துக்கொண்டிருந்தனர்.

காலை 8 மணிக்கு ஏவுவதாக இருந்தது. வானிலை சரியில்லாததால் 8.30 என்றும், பிறகு 8.45 என்றும் தள்ளிப் போயிற்று. இறுதியில் இறங்குமுக எண்ணிக்கை தொடங்கியது. மாணவர்களும் உடன் எண்ணினர். ஐந்து நொடி இருக்கும்போது எண்ணிக்கை நின்றுவிட்டது!

“போச்சா சார்?” என்றான் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன். அவன் குரலில் இருந்த ஏமாற்றம் எல்லார் முகத்திலும் தெரிந்தது. சிலர் எழுந்து புறப்படவும் செய்தனர். “உட்காருங்கள். இதற்கு முன்பும் ஒருமுறை இப்படி நின்றிருக்கிறது” என்று சொல்லி, அந்தக் கதையைத் தொடங்கினேன்.

1979இல் நடந்தது

1979 ஆகஸ்ட் 10. இந்தியாவின் முதல் துணைக்கோள் ஏவு ஊர்தியான எஸ்.எல்.வி.-3 அதே ஸ்ரீஹரிகோட்டாவில் தயாராக நின்றது. உயரம் 22 மீட்டர். எடை 17 டன். திட்ட இயக்குநர் நம் இராமேசுவரத்து அப்துல் கலாம்.

ஏவுவதற்குச் சற்று முன்பு கணினி “நிறுத்து” என்றது. இரண்டாம் கட்டத்தைத் திசை திருப்பும் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்துகொண்டிருந்தது. கசிந்தது போக மீதமுள்ள அமிலம் போதும் என்று வல்லுநர்கள் கணித்தனர். கணினியின் தடையை மீறி ஏவுவதென்று கலாம் முடிவெடுத்தார். இதை அவரே பிற்காலத்தில் பல மேடைகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

முதற்கட்டம் செவ்வனே எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு தவறியது. அந்த ஊர்தியின் நான்கு கட்டங்களும் திட எரிபொருளால் ஆனவை. திட எரிபொருள் சூளையைப் போன்றது; பற்றிக்கொண்டால் இடையில் அணைத்துச் சரிசெய்ய வழியில்லை. ஊர்தி வங்கக்கடலில் விழுந்தது.

இஸ்ரோ தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான் அன்று தாமே பத்திரிகையாளர்களைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றார். 1980 சூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 வெற்றி கண்டு 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, பத்திரிகையாளரைச் சந்திக்கும்படி கலாமையே அனுப்பிவைத்தார்.

பத்து மணிக்கு

இந்தக் கதையை நான் சொல்லி முடித்துச் சிறிது நேரத்தில் திரையில் புதுச்செய்தி வந்தது. கண்காணிப்பு முறையில் ஒரு பிசகு தென்பட்டதால் கணினி தானாகவே ஏவுதலை நிறுத்தியிருக்கிறது. பிசகு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டுவிட்டது. பத்து மணிக்கு ஏவப்படும் என்று அறிவித்தார்கள். இம்முறை கணினியின் சொல்லை எவரும் மீறவில்லை.

சரியாகப் பத்து மணிக்கு ஊர்தி எழும்பியது. அதில் இருந்தது விகாஸ் என்னும் திரவ எரிபொருள் எஞ்சின். அதன் உச்சியில் ஆளில்லாத மாதிரிக் கூண்டும், ஆபத்தில் கூண்டை இழுத்துக்கொண்டு தப்பிக்கும் சிறு இராக்கெட்டுகளும் பொருத்தப்பட்டிருந்தன.

வேகம் ஒலியின் வேகத்தைப்போல் 1.2 மடங்கானதும், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில் தப்பிக்கும் அமைப்பு கூண்டைப் பிய்த்துக்கொண்டு விலகியது. ஒலியின் வேகத்தைத் தாண்டும் வேளையில் காற்றின் அழுத்தமும் அதிர்வும் ஊர்தியைக் கடுமையாகத் தாக்கும். அங்கே ஊர்தி பழுதானால் மனிதரைக் காப்பாற்ற முடியுமா? இதுவே சோதனையின் கேள்வி.

ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில் கூண்டு தனியே பிரிந்தது. முதலில் சிறிய பாராசூட்டுகளும், தாழ வந்தபின் பெரிய பாராசூட்டுகளும் விரிந்தன. கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் கூண்டு கடலில் இறங்கியது. ஏவியதிலிருந்து ஒன்பது நிமிடங்கூட ஆகவில்லை. கடற்படையினர் அதை மீட்டனர். எங்கள் வகுப்பறையில் எழுந்த கைதட்டலைச் சொல்லவேண்டியதில்லை.

இத்தகைய அமைப்பு வீண் செலவன்று. 1983 செப்டம்பரில் சோவியத் ஏவுதளத்தில் இராக்கெட் தீப்பற்றியபோது திதோவ், ஸ்திரெக்காலவ் என்ற இரு வீரர்களை உயிருடன் மீட்டது தப்பிக்கும் இராக்கெட்டே.

அன்பு மாணவர்களே! அன்று காலை நீங்களும் ஒளிபரப்பைப் பார்த்திருந்தால், எந்தக் காட்சி உங்கள் நினைவில் நிற்கும்? பெரும்பாலோர் நெருப்புடன் எழும்பிய ஊர்தியைச் சொல்வார்கள். எனக்கோ, எண்ணிக்கை நின்ற அந்த ஐந்தாம் நொடிதான் நிற்கிறது. ஒருநாள் அந்தக் கூண்டில் நம் நாட்டு மனிதர் அமர்வார். “நிறுத்து” என்ற சொல் கேட்டால் நிறுத்தும் துணிவு உள்ளவர்களை நம்பியே அவர் ஏறி அமர்வார்.

பின்வரிசை மாணவனிடம் வெளியே வரும்போது கேட்டேன், “என்னப்பா, போச்சா?” என்று. அவன் தந்தை சூளை வைத்திருப்பவர். சிரித்துக்கொண்டே சொன்னான்: “இல்லை சார், ஈரம் காயவில்லை, அதனால்தான் நிறுத்தியிருந்தார்கள்.”