ஒளி புகாவிடத்து ஒலி

விதைப்பையிற் காயமுற்றோர்க்கான சிகிச்சையின் வரலாற்றை நாம் நோக்குமிடத்து, குருதி வீக்கத்துள் மறைந்த விதையின் நிலையை அறிவதே மருத்துவர்க்குப் பெருஞ் சிக்கலாயிருந்தமை புலனாகும். முன்னர் வீக்கத்தின் பின்னே விளக்கைப் பிடித்து நோக்கினர். தேங்கியது நீராயின் ஒளி ஊடுருவும்; குருதியாயின் ஊடுருவாது. வேதனை மிகுதியால் தொட்டறிதலும் அரிது. எனவே, அறுத்துப் பார்ப்பதா, காத்திருப்பதா என்பது பெரும்பாலும் ஊகத்தின்பாற்பட்டது. காத்திருந்து விதையை இழந்தோரும் உளர். வீணே அறுக்கப்பட்டோரும் உளர்.

1958 இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் உடனாய்வாளரும், கழியொலி கொண்டு வயிற்றுக் கட்டிகளை ஆராய்ந்த முடிபுகளை லான்செற் சஞ்சிகையில் வெளியிட்டனர். உலோகத்தின் உட்பிளவு காணும் கருவியே அம்முயற்சிக்கு வித்தாயிற்று. 1974 இல் மிஸ்கின், பெயின் ஆகியோர் அம்முறையால் விதைகளை ஆராய்ந்தனர். 1980களில் அது காயங்களை ஆராய்தற்கும் பயன்பட்டது.

விதையைப் போர்த்த வெண்ணிற உறை கிழிந்துள்ளதா என்பதே இங்கு தலையாய வினா. கிழிந்திருப்பின் விரைந்து தைத்தல் வேண்டும். பின்வந்த டொப்ளர் முறை குருதியோட்டத்தையும் புலப்படுத்தியது. ஆயினும் உறைந்த குருதி கிழிவை மறைத்தலும் உண்டு. ஐயம் நீங்காவிடின் அறுத்துப் பார்த்தலே இன்றும் நெறியாகும். கருவி ஊகத்தைக் குறைத்ததேயன்றி, மருத்துவரின் பொறுப்பைக் குறைத்திலது என்பதே எமது துணிபு.