சுழற்றிப் பிரிப்பதா, நீந்தவிட்டுப் பிரிப்பதா?

கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்துக்கு வந்து சேரும் விந்து மாதிரி, அரை மணி நேரத்தில் தானாகவே நீர்த்துவிடும். அதற்குப் பிறகு, அதிலுள்ள கோடிக்கணக்கான அணுக்களில் உயிர்த்துடிப்புள்ளவற்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். இதற்குப் பல பத்தாண்டுகளாகக் கைகொடுத்து வருவது 'டென்சிட்டி கிரேடியன்ட்' என்னும் சுழற்சி முறை. சமீப ஆண்டுகளில் அதற்குப் போட்டியாக வந்திருப்பது மைக்ரோஃப்ளூயிடிக் சிப். சிப் வேண்டுமா என்ற கேள்வி பெரும்பாலும் சிகிச்சைக்கு நடுவில், கூடுதல் கட்டணத்தோடு சேர்ந்தே தம்பதியர் முன் வருகிறது. அந்த நேரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் விளக்கம் போதாது என்பதால்தான் இரண்டையும் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் பழைய முறை. கூம்பு வடிவ அடிப்பாகமுள்ள ஒரு குழாயில், சிலிக்கா நுண்துகள் கலந்த அடர்த்தியான திரவத்தை அடியில் ஊற்றுகிறார்கள். பொதுவாக இது 80 சதவீத அடர்த்தியில் இருக்கும். அதன் மேல் 40 சதவீதத் திரவம், இரண்டும் கலந்துவிடாதபடி மெல்ல ஊற்றப்படுகிறது. அதற்கும் மேலே விந்து. பிறகு புவியீர்ப்பைப் போல 300 மடங்கு விசையில் ஏறக்குறைய 20 நிமிடம் சுழற்றுகிறார்கள். உப்புக் கரைசலில் விதைநெல்லைப் போட்டால் பதர் மிதந்து, மணி பிடித்த நெல் அடியில் தங்குமல்லவா, அதே தத்துவம்தான். நன்கு முதிர்ந்த விந்தணுவின் தலையில் டிஎன்ஏ மிக இறுக்கமாகச் சுருண்டிருப்பதால் அதன் அடர்த்தி அதிகம். அது இரண்டு அடுக்குகளையும் கடந்து அடியில் படிகிறது. இறந்தவை, முதிராதவை, வெள்ளையணுக்கள் எல்லாம் பெரும்பாலும் அடுக்குகளின் எல்லையிலேயே நின்றுவிடுகின்றன. அடியில் படிந்ததை எடுத்து, புதிய வளர்ப்புத் திரவத்தில் இன்னொருமுறை கழுவினால் வேலை முடிந்தது. செலவு குறைவு. விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ செய்கிற சிறிய கிளினிக்கிலும் இதைச் செய்ய முடியும்.

இந்த முறையின் மேல் சொல்லப்படும் குறை, சுழற்சியே விந்தணுவைக் காயப்படுத்துகிறது என்பது. அதற்கு அடிப்படை இருக்கிறது. விந்தணு தன் சைட்டோபிளாசத்தைப் பெருமளவு உதறிவிட்ட செல். ஆக்ஸிஜன் தீவிர மூலக்கூறுகளைத் தணிக்கும் நொதிகள் அதனிடம் சொற்பம். உடைந்த டிஎன்ஏவைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதியும் ஏறத்தாழ இல்லை. வெள்ளையணுக்களோடும் சேதமடைந்த அணுக்களோடும் சேர்த்து அதை ஒரே இடத்தில் அழுத்தினால் அந்த மூலக்கூறுகள் பெருகுகின்றன என்று ஐட்கனும் கிளார்க்சனும் 1988-இல் காட்டினார்கள். ஆனால் அவர்களுடைய ஆய்வில் பெரிய பாதிப்பைக் கண்டது, பிரிக்காத மாதிரியை அப்படியே திரும்பத் திரும்பச் சுழற்றும் முறையில்தான். அடுக்குத் திரவத்தில் பிரித்தபோது அந்தச் சேதம் வெகுவாகக் குறைந்தது. சிப்பை உயர்த்திப் பேசும்போது இந்த வேறுபாடு அடிக்கடி விடுபட்டுப்போவது எனக்கு வருத்தம் தருகிறது.

இனி சிப். பரவலாகப் பயன்படும் சைமாட் கருவியை எடுத்துக்கொள்வோம். கையளவு பிளாஸ்டிக் தட்டு, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுவது. ஒரு துளை வழியாக 850 மைக்ரோலிட்டர் விந்தைக் கீழறைக்குள் செலுத்துகிறார்கள். அதற்கு மேல் 8 மைக்ரான் துளைகள் கொண்ட மெல்லிய சவ்வு. சவ்வுக்கு மேலே சுத்தமான திரவம். 37 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, மேலறையிலிருந்து திரவத்தை உறிஞ்சி எடுக்கிறார்கள். அவ்வளவுதான்.

அந்தச் சவ்வை அளவு பார்த்துச் சலிக்கும் சல்லடை என்று நினைத்துவிடக் கூடாது. விந்தணுவின் தலை நீளவாக்கில் சுமார் 5 மைக்ரான்தான். இறந்த அணுவும் அந்தத் துளைக்குள் தாராளமாக நுழையும். ஆனால் இவ்வளவு நுண்ணிய இடைவெளிகளில் திரவம் சுழித்துக் கலப்பதில்லை. இறந்ததை மேலே தூக்கிச் செல்ல எதுவும் இல்லை. தன் வாலால் உந்தி நீந்துவது மட்டுமே மேலறையை எட்டுகிறது. கருப்பை வாயின் சளிப்படலத்தில் இயற்கை நடத்தும் வடிகட்டலுக்கு இது ஓரளவு நெருக்கமானது. ஸ்டான்ஃபோர்டின் உத்கான் தெமிர்ஜி போன்றோர் இந்தத் துறையில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். விந்தணு எதிர்நீச்சல் போடும் இயல்பைக் கொண்டு பிரிக்கும் ஒரு சிப்பை கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்டார்கள். இயற்பியல் நோக்கில் பார்த்தால் அழகான வேலை, சந்தேகமே இல்லை.

சிப்பின் பலத்தைக் காட்டும் ஆய்வும் 2018-இல்தான் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர், ஒவ்வோர் ஆணின் மாதிரியையும் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைச் சுழற்சி முறையிலும் (அதன்பின், விந்தணுக்களை நீந்தவிட்டுப் பிரிக்கும் ஸ்விம்-அப்பும் சேர்த்து) மறுபாதியைச் சிப்பிலும் தயார் செய்தார்கள். டிஎன்ஏ சிதைந்த அணுக்களின் இடைநிலை அளவு, மூல மாதிரியில் 21 சதவீதம். சுழற்றிய பிறகு 6. சிப்பில் 0.

இந்த மூன்று எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். பூஜ்யம் கண்ணைக் கவர்கிறது. ஆனால் 21-இலிருந்து 6-க்கு இறக்கியது பழைய முறை. நீண்ட தூரத்தை அது ஏற்கெனவே கடந்துவிட்டது. மிச்சமிருந்த சிறிய தூரத்தைத்தான் சிப் கடக்கிறது. விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி சிகிச்சையில் முட்டைக்கு ஒன்று வீதம் விந்தணு போதும். பத்து முட்டை கிடைத்த பெண்ணுக்குப் பத்து விந்தணு. அவற்றை எம்ப்ரியாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப்பில் வடிவமும் ஓட்டமும் பார்த்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கிறார். நூற்றில் 94 நல்லவையாக இருக்கும் கூட்டத்திலிருந்து பத்தைப் பொறுக்குவதற்கும், நூறுமே நல்லவையாக இருக்கும் கூட்டத்திலிருந்து பொறுக்குவதற்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்துவிடும்?

அதே பல்கலைக்கழகத்தினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. 380-க்கும் மேற்பட்ட தம்பதியரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சுழற்சி, மறு பிரிவுக்குச் சிப். கருவின் தரத்தில் இரண்டும் ஒன்றாகவே வந்தன. சிப்பைப் பாராட்டி ஆய்வு வெளியிட்டவர்களே இந்த முடிவையும் ஒளிக்காமல் வெளியிட்டதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இன்னொரு தேர்வு முறையிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஹயலுரோனிக் அமிலத்தில் ஒட்டும் விந்தணுவைத் தேர்ந்தெடுக்கும் பிக்ஸி முறையை, பிரிட்டனில் 2,700-க்கும் மேற்பட்ட தம்பதியரிடம் சோதித்து 2019-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். முழுமாதப் பிரசவம் பிக்ஸியில் 27.4 சதவீதம், வழக்கமான இக்ஸியில் 25.2. புள்ளியியல்படி இது வேறுபாடே அல்ல. ஆனால் கருச்சிதைவு 7 சதவீதத்திலிருந்து 4.3-ஆகக் குறைந்திருந்தது. அது அந்த ஆய்வின் முதன்மைக் கேள்வி அல்ல என்பதால் அதை முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் புறக்கணிக்கவும் முடியாது. காரணம், கருவின் முதல் மூன்று நாளை முட்டையே ஓட்டிச் செல்கிறது. தந்தையின் மரபணுக்கள் பெரிதாகச் செயல்படத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். விந்தணுவின் குறை பின்னால், கர்ப்பம் தங்கிய பிறகு வெளிப்பட வாய்ப்பிருக்கிறது.

சுழற்சி முறையை விட்டால் வேறு வழியில்லாத இடங்களும் உண்டு. விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள ஆணின் மாதிரியைச் சிப்பில் ஏற்றினால் மேலறையில் தேறுவது சொற்பமாகிவிடும். விரையிலிருந்து ஊசி மூலம் எடுத்த விந்தணு பெரும்பாலும் நீந்துவதே இல்லை என்பதால் அங்கே சிப்புக்கு வேலையில்லை. எச்ஐவி உள்ள கணவரின் விந்தைச் சுழற்றிக் கழுவி, தொற்றில்லாத மனைவிக்குக் கருத்தரிப்பு செய்யும் வழியை மிலான் நகரில் செம்ப்ரினி குழுவினர் 1992-இல் வெளியிட்டார்கள். அந்தப் பாதுகாப்பு அனுபவம் பெரும்பாலும் சுழற்சி முறையின் மேல் கட்டப்பட்டது.

சிப் யாருக்கு? டிஎன்ஏ சிதைவுப் பரிசோதனையில் 30 சதவீதத்துக்கு மேல் காட்டும் ஆண், நல்ல முட்டைகள் கிடைத்தும் திரும்பத் திரும்பத் தோற்கும் இக்ஸி, காரணம் தெரியாத தொடர் கருச்சிதைவு. இவர்களிடம் சிப்பைப் பற்றிப் பேசுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே செய்ய வேண்டியவை உண்டு. புகைபிடிப்பதை விடுவது, விரைப்பையின் சிரைகள் வீங்கும் வெரிகோசீல் இருந்தால் பார்ப்பது, மாதிரி கொடுப்பதற்கு முன் விந்து வெளியேற்றாமல் விலகியிருக்கும் நாட்களைக் குறைப்பது. கடைசியாகச் சொன்னதற்குப் பணமே செலவில்லை. நம் வீடுகளில் மனைவி எல்லா ஸ்கேனும் ஊசியும் முடித்த பிறகே கணவர் முதல் பரிசோதனைக்கு வருகிற வழக்கம் இன்னும் மாறவில்லை. வழக்கமான விந்துப் பரிசோதனை சிப்பைவிடப் பல மடங்கு மலிவு. அதை முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும்.

ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கமான எஷ்ரே, மைக்ரோஃப்ளூயிடிக் முறையை வழக்கமான பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்க முடியாது என்று 2023-இல் கூறியது. என் நிலைப்பாடும் அதுதான். எல்லோருக்கும் சுழற்சி முறை, தகுந்த காரணம் உள்ளவர்களுக்குச் சிப். அந்தக் காரணம் எது என்பதை உறுதிசெய்யும் ஆய்வே இப்போது தேவை. டிஎன்ஏ சிதைவு அதிகமுள்ள ஆண்களை மட்டும் சேர்த்து, கருவின் தரத்தோடு நிறுத்திவிடாமல் கருச்சிதைவையும் பிறந்த குழந்தைகளையும் எண்ண வேண்டும். அதுவரை, சிப்புக்குப் பணம் கட்டச் சொல்லும் மையம் அந்தத் தம்பதியின் எந்தப் பரிசோதனை முடிவு அதைக் கேட்கிறது என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும்.