புனஸ்ச ஹரி ஓம்: ஒரு நகரம், இரு கொள்ளைநோய்கள், ஒரே சட்டம்

(நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

2020 மே 31 அன்று, ஊரடங்கிலிருந்து படிப்படியாக வெளியேறும் திட்டத்தை மகாராஷ்டிர அரசு அறிவித்தபோது அதற்கு இரண்டு பெயர்கள் வழங்கின. அரசாணையில் எழுதப்பட்ட பெயர் 'மிஷன் பிகின் அகெய்ன்'. மக்களிடம் உரையாற்றிய முதலமைச்சர் உத்தவ் தாக்கரே கையாண்ட மராத்தித் தொடர் 'புனஸ்ச ஹரி ஓம்'. இடையில் நின்றுபோன ஒரு செயலை மறுபடி தொடங்குவதைக் குறிக்க மராத்தியர் இயல்பாகச் சொல்லும் தொடர் இது. ஆயினும் மராத்தி இதழியல் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இத்தொடர் வேறொன்றையும் நினைவூட்டும். 1899ஆம் ஆண்டு, சிறையிலிருந்து மீண்ட பாலகங்காதர திலகர் 'கேசரி' இதழின் ஆசிரியப் பொறுப்பை மீண்டும் ஏற்றபோது எழுதிய தலையங்கத்தின் தலைப்பு இதுவே.

திலகர் சிறை சென்றது 1897இல், பம்பாய் மாகாணம் பிளேக் நோயிலும் அதைவிடக் கடுமையாகத் தோன்றிய பிளேக் விதிகளிலும் சிக்குண்டிருந்த ஆண்டில். புனேயின் பிளேக் அதிகாரி வால்டர் சார்லஸ் ராண்ட் அவ்வாண்டு ஜூன் 22 அன்று சுடப்பட்டார். சில நாட்களில் இறந்தார். அதனைத் தொடர்ந்து 'கேசரி'யில் வெளிவந்த எழுத்துகளுக்காகத் திலகர்மீது அரசத்துரோக வழக்குத் தொடுக்கப்பட்டது. ஒரு கொள்ளைநோய்க் காலத்து ஆட்சியோடு மோதியவரின் தலைப்பு, 120 ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு கொள்ளைநோய்க் காலத்து ஆட்சியின் தலைப்பாக மாறியது. இவ்விரு காலங்களிலும் நடைமுறையில் இருந்த சட்டமும் ஒன்றே: 1897 பிப்ரவரி 4 அன்று இயற்றப்பட்ட கொள்ளைநோய்கள் சட்டம்.

பெருந்தொற்றுக் காலத்துக் கட்டுப்பாடுகளின்மீது மக்கள் கொண்ட எரிச்சலை நம் ஆவணங்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களில் அடக்கிவிடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது 'அறியாமை'. இருபத்தொன்றாம் நூற்றாண்டில் 'ஒழுங்கின்மை'. அந்த எரிச்சலை ஒரு கேள்வியாக வாசிக்க இயலுமா என்பதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் முழு அடைப்புக்கும் படிப்படியான திறப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிப்போம். முழு அடைப்பு எல்லோருக்கும் கூறப்படும் ஒரே 'இல்லை'. அதன் சுமை சமமாக விழுவதில்லை. நெடுஞ்சாலைகளில் நடந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் அதற்குச் சாட்சி. ஆனால் அதன் இலக்கணம் எளியது. திறப்பு அப்படியன்று. அது ஒருவருக்கு 'ஆம்', மற்றொருவருக்கு 'இல்லை', வேறொருவருக்கு 'செவ்வாய்க்கிழமை மட்டும்' என்று கூறும். ஒவ்வொரு தளர்வும் ஒரு பாகுபாடு. ஒவ்வொரு பாகுபாடும் 'ஏன்?' என்ற வினாவைப் பிறப்பிக்கும். நோய் உச்சத்தில் இருந்தபோது பொறுத்துக்கொண்ட மக்கள் தளர்வுக் காலத்தில் பொறுமையிழந்ததற்குச் சோர்வு மட்டுமே காரணமன்று. விடை தேவைப்படும் வினாக்களின் எண்ணிக்கை அப்போதுதான் பெருகியது.

அவ்விதிகளின் சொல்லமைப்பும் கவனத்துக்குரியது. தமிழில் 'தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு' என்றோம்; மராத்தியில் நிபந்தனைகள் 'ஷிதில்' ஆக்கப்பட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. இரு சொற்களுமே நெகிழ்தலைக் குறிப்பவை. கயிறு ஒருவர் கையில் இருக்கிறது என்பதும், இறுக்கவும் நெகிழ்க்கவும் அவருக்கே இயலும் என்பதும் இவற்றின் உட்பொருள். கட்டப்பட்டவர் கேட்பதற்கு இவ்வாக்கிய அமைப்பில் இடமில்லை.

இந்த அமைப்பு சட்டத்திலேயே இருக்கிறது. 1897ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் நான்கே பிரிவுகள் கொண்டது. இரண்டாம் பிரிவு, ஆபத்தான கொள்ளைநோய்க் காலத்தில் தற்காலிக விதிகளைப் பொது அறிவிப்பின் வாயிலாக வகுக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கிறது. மூன்றாம் பிரிவு, மீறுவோரை அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவுக்கு உட்படுத்தியது. நான்காம் பிரிவு, இச்சட்டத்தின்படி நல்லெண்ணத்துடன் செயல்பட்ட எவர்மீதும் வழக்குத் தொடுக்க இயலாது என்கிறது. அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விளக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

பம்பாயில் பிளேக் முதன்முதலில் இனங்காணப்பட்டது 1896 செப்டம்பரில், மாண்ட்வி பகுதியில். கண்டறிந்தவர் மருத்துவர் அகாசியோ வியேகாஸ். சட்டம் வருமுன்பே, அக்டோபரில் மாநகராட்சி தன் அதிகாரத்தைக் கொண்டு நோயாளிகளைக் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லத் தொடங்கியது. அக்டோபர் 29 அன்று ஆலைத் தொழிலாளர்கள் பெருந்திரளாகச் சென்று ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். அதையொட்டி மாநகராட்சி தன் ஆணையை மாற்றிக்கொண்டது: வீட்டிலேயே முறையாகத் தனிமைப்படுத்திச் சிகிச்சையளிக்க இயலுமாயின் நோயாளியை அகற்ற வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு, புதிய சட்டத்தின் வலிமையோடு கெடுபிடி மீண்டது. வீடுவீடாகத் தேடுதல், இரயில் பயணிகளைச் சோதித்தல், உடைமைகளை எரித்தல், தனிமை முகாம்களுக்கு அனுப்புதல் என்று அது விரிந்தது. குடியிருக்கத் தகுதியற்றவை என்று முடிவுசெய்யப்பட்ட வீடுகளின் சுவர்களில் 'யு.எச்.எச்.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் தீட்டப்பட்டன. குடியிருப்போரில் பெரும்பாலோருக்கு அவ்வெழுத்துகளை வாசிக்கத் தெரியாது. ஆனால் அவற்றின் விளைவை எல்லோரும் அறிவர். நகரத்தின் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊரைவிட்டு வெளியேறினர். நோய்க்கு அஞ்சி ஓடியவர்கள் எத்தனை பேர், விதிகளுக்கு அஞ்சி ஓடியவர்கள் எத்தனை பேர் என்று பிரித்தறிய வழியில்லை.

1898 மார்ச் 9 அன்று மதன்புராவில், முஸ்லிம் நெசவாளர் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமியைப் பரிசோதிக்க வந்த குழுவை வீட்டார் தடுத்தனர். கூட்டம் திரண்டது, துப்பாக்கிச் சூடும் கலவரமும் வேலைநிறுத்தமும் தொடர்ந்தன. அதன் பின்னரே கொள்கையில் தெளிவான மாற்றம் தோன்றியது. கட்டாயம் தளர்ந்தது, அந்தந்தச் சமூகத்தார் தாமே நடத்தும் மருத்துவமனைகளுக்கு மதிப்புக் கூடியது, ஊர்ப் பெரியோரின் ஒத்துழைப்பை நாடும் போக்கு வளர்ந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எதிர்த்தவர்கள் எல்லோரும் சரி, அதிகாரிகள் எல்லோரும் தவறு என்று இவ்வரலாற்றைச் சுருக்கிவிடலாகாது. தாக்கப்பட்டது நோயாளிகள் படுத்திருந்த மருத்துவமனை. ஊரைவிட்டு ஓடியவர்களோடு நோயும் பிற ஊர்களுக்குப் பயணம் செய்தது. திலகரே நோய்த்தடுப்பை மறுத்தவர் அல்லர். பிளேக் காலத்தில் புனேயில் தங்கியிருந்து, இந்துக்களுக்கென ஒரு பிளேக் மருத்துவமனை அமையப் பாடுபட்டவர். விதியை விமர்சிப்பதும் நோயை மறுப்பதும் ஒன்றல்ல என்பதை அன்றே அவர் வாழ்ந்து காட்டினார். அதிகாரிகளின் நிலையும் இக்கட்டானதுதான். எலியின் தெள்ளுப்பூச்சி வழியாகப் பிளேக் பரவுகிறது என்பதைப் பால்-லூயி சிமோன் கராச்சியில் செய்த ஆய்வின்வழி முன்வைத்தது 1898இல்தான். அது ஏற்கப்பட மேலும் சில ஆண்டுகளாயின. மனிதரைப் பிரித்துவைப்பதில் குவிந்த அந்த விதிகள், நோயின் வழி தெரியாத காலத்தில் எழுதப்பட்டவை. அறிவு முழுமையடையாத நிலையில் விதி வகுப்பது தவிர்க்க இயலாதது. அதே காரணத்தால், அந்த விதியின் அடிப்படையை வெளிப்படையாகச் சொல்வதும் தவிர்க்கக்கூடாதது.

இப்பின்னணியோடு அதே நகரத்தின் 2020க்கு வருவோம். அன்று தாக்கப்பட்ட ஆர்தர் சாலை மருத்துவமனைதான் இன்றைய கஸ்தூர்பா மருத்துவமனை. மும்பையின் முதல் கொரோனா நோயாளிகள் தனிமைப்படுத்தப்பட்ட இடமும் அதுவே.

ஜூன் 5 முதல் கடைகள் திறக்கலாம் என்று திட்டத்தின் இரண்டாம் கட்டம் கூறியது. ஆனால் தெருவின் ஒரு பக்கம் ஒருநாள், மறுபக்கம் மறுநாள். நெரிசலைப் பாதியாக்குவது நோக்கம். பாதி நாட்களே வணிகம் நடத்தி முழு மாத வாடகை தரவேண்டிய வணிகருக்கோ இது வேறொரு கணக்கு. திறந்திருக்கும் நாளில் வாடிக்கையாளர் எல்லோரும் ஒருசேர வருவார்களே என்பது அவரது எளிய வினா. ஆகஸ்டு மாதத்தில்தான் இரு பக்கக் கடைகளும் நாள்தோறும் திறக்க இசைவு கிடைத்தது.

ஜூன் 8 முதல் தனியார் அலுவலகங்கள் 10 விழுக்காட்டுப் பணியாளரோடு இயங்கலாம் என்றது மூன்றாம் கட்டம். நாளொன்றுக்கு 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சுமந்த புறநகர் இரயில் அன்று ஓடவில்லை. ஜூன் 15 அன்று ஓடத் தொடங்கியபோதும் இன்றியமையாப் பணியாளருக்கு மட்டுமே இடம். அலுவலகத்தின் கதவைத் திறந்த விதி, அங்கே செல்லும் வழியைத் திறக்கவில்லை. அக்டோபரில் பெண்களை அனுமதிக்குமாறு மாநில அரசு கேட்டது. இரயில்வே உடனே இசையவில்லை. சில நாட்கள் கழித்து, 21ஆம் நாள் முதல் அனுமதித்தது. அந்த இடைநாட்களில் நடைமேடையில் நிற்கும் ஒரு பெண்ணுக்குத் தாம் எந்த அரசின் விதியின்கீழ் நிற்கிறோம் என்பதே தெளிவில்லை.

ஜூன் இறுதியில் நகரக் காவல்துறை மற்றோர் எல்லையை வரைந்தது: கடைக்கும் உடற்பயிற்சிக்கும் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் செல்லலாகாது. ஆயிரக்கணக்கான வண்டிகள் பறிமுதல் செய்யப்பட்டன. கண்டனம் வலுக்கவே, சில நாட்களில் அந்த எண் கைவிடப்பட்டு 'அக்கம்பக்கம்' என்ற பொதுச்சொல் மட்டும் எஞ்சியது. மொழியியல் மாணவர் என்ற முறையில் என்னை நிறுத்திய இடம் இது. எண் துல்லியமானது, ஆனால் அதற்குக் காரணம் கூறப்படவில்லை. ஏன் மூன்று கிலோமீட்டர் இல்லை? சொல் நெகிழ்வானது, ஆனால் அதன் பொருளைத் தீர்மானிப்பவர் சாலைத் தடுப்பில் நிற்கும் காவலர். காரணம் இல்லாத துல்லியமும் வரையறை இல்லாத நெகிழ்வும் குடிமகரை ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

2021 ஜூனில் அரசு ஒரு நல்ல முயற்சி செய்தது. தொற்று உறுதியாகும் விகிதத்தையும் ஆக்சிஜன் படுக்கைகளின் நிரம்பலையும் கொண்டு ஐந்து நிலைகளை வகுத்து, எந்த எண்ணுக்கு எந்தத் தளர்வு என்று வெளியிட்டது. முதன்முறையாக மக்கள் விதியைத் தாமே கணக்கிட்டுப் பார்க்க முடிந்தது. ஆனால் மாத நடுவில், எண்களின்படி மும்பை அடுத்த நிலைக்குத் தகுதி பெற்றபோது, மாநகராட்சி மூன்றாம் நிலையையே நீட்டித்தது. ஜூன் 25 அன்று, டெல்டா பிளஸ் குறித்த அச்சத்தால், எந்த மாவட்டமும் மூன்றாம் நிலைக்குக் குறைந்த கட்டுப்பாடுகளோடு இருக்கலாகாது என்று மாநில அரசு ஆணையிட்டது. மருத்துவ நோக்கில் இது நியாயமானதாக இருக்கலாம். ஆனால் ஏணியின் படிகளை எண்ணிக்கொண்டு ஏறியவருக்கு, மேற்படி திடீரென்று அகற்றப்பட்டதாகவே தோன்றியது. ஒருமுறை இவ்வாறு நேர்ந்தபின், அடுத்த அட்டவணையை அவர் அதே நம்பிக்கையோடு வாசிக்க மாட்டார். பொதுநலத் துறைக்கு இந்த இழப்பு சிறியதன்று.

காரணம் கேட்கப்பட்டால் என்ன நிகழும் என்பதற்கும் அதே நகரத்தில் ஒரு சான்று உண்டு. 65 வயதைக் கடந்த கலைஞர்கள் படப்பிடிப்புத் தளத்துக்கு வரலாகாது என்ற மாநில விதியை மூத்த நடிகர் ஒருவர் எதிர்த்தார். கடை திறக்கவும் வேறு பணிகளுக்குச் செல்லவும் அவ்வயதினருக்குத் தடையில்லாதபோது இத்தொழிலுக்கு மட்டும் ஏன் தடை என்பது வழக்கின் சாரம். 2020 ஆகஸ்டு 7 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் அவ்விதியைப் பாகுபாடானது என்று நீக்கியது. ஆனால் வண்டியை இழந்த ஒவ்வொருவரும், நடைமேடையிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட ஒவ்வொருவரும் உயர்நீதிமன்றம் செல்ல இயலாது. அவர்களது 'ஏன்?' எரிச்சலாகவே பதிவாகி, எரிச்சலாகவே மறக்கப்பட்டது.

2020இல் கொள்ளைநோய்கள் சட்டம் திருத்தப்பட்டது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு ஐந்து ஆண்டு வரையிலும், கொடுங்காயம் விளைவித்தால் ஏழு ஆண்டு வரையிலும் சிறை என்றது திருத்தம். அதன் தேவையில் ஐயமில்லை. ஆனால் விதி வகுப்பவர் காரணத்தை மக்கள் மொழியில் வெளியிட வேண்டும், குறிப்பிட்ட நாளுக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும், வட்டார அளவில் முறையீடு கேட்க ஓர் இடம் வேண்டும் என்ற மூன்றில் ஒன்றும் அத்திருத்தத்தில் இடம்பெறவில்லை. 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 286ஆம் அறிக்கையில் இச்சட்டத்தை விரிவாக ஆராய்ந்து அதன் குறைகளைச் சுட்டியது. அது சட்டமாகும் விவாதத்தில் இந்த மூன்றும் பேசப்பட வேண்டும். இவை நோய்த்தடுப்பை மெலிதாக்குவன அல்ல. 1896 அக்டோபரிலும் 1898 மார்ச்சிலும் வன்முறைக்குப் பின் அரசு எந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததோ, அந்த இடத்துக்கு வன்முறையின்றி வந்துசேரும் வழி இவை.

'புனஸ்ச ஹரி ஓம்' என்ற தொடரைத் தேர்ந்தவர்கள் அதன் பிளேக் காலப் பின்னணியை எண்ணிப் பார்த்தார்களா என்பது நமக்கு முக்கியமன்று. ஆய்வு மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2020, 2021ஆம் ஆண்டுகளின் மாவட்ட ஆணைகள், குடியிருப்புச் சங்கச் சுற்றறிக்கைகள், வணிகர் சங்க மனுக்கள் ஆகியவை இன்னும் கைபேசிகளிலும் அலுவலக அலமாரிகளிலும் இருக்கின்றன. பிளேக் கால மக்களின் குரலை நாம் பெரும்பாலும் அதிகாரிகளின் அறிக்கைகள் வழியாகவே கேட்க நேர்ந்தது. நம் காலத்து மனுக்களை அவர்கள் எழுதிய சொற்களிலேயே சேகரித்து வைக்க நமக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. உங்கள் ஊரின் ஆணைகளும் மனுக்களும் உங்களிடம் இருப்பின் அழித்துவிடாதீர்கள்.