கொச்சபம்பா தண்ணீர்ப் போர்

தென் அமெரிக்க நாடான பொலிவியாவின் பெரிய நகரங்களுள் ஒன்று கொச்சபம்பா. ஆண்டிஸ் மலைப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கெச்சுவா மொழியில் இப்பெயருக்கு 'ஏரிச் சமவெளி' என்று பொருள். பெயரில் ஏரி இருந்தும் நகரம் நெடுங்காலமாகத் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் வாடியது. 2000ஆம் ஆண்டில் குடிநீர்க் கட்டணம் உயர்ந்தபோது இங்கே எழுந்த மக்கள் போராட்டம் 'தண்ணீர்ப் போர்' எனப்படுகிறது.

பின்னணி

நகரின் குடிநீர் வழங்கலைச் செமாப்பா என்ற நகராட்சி நிறுவனம் கவனித்து வந்தது. அதன் குழாய்கள் நகர மக்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களையே எட்டின. தெற்குப் பகுதி ஏழைகள் கூட்டாகக் கிணறு வெட்டிக்கொண்டனர். இல்லையேல், குழாய் நீரைவிடப் பல மடங்கு விலை கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கினர்.

பொதுத்துறை நிறுவனங்களைத் தனியாரிடம் ஒப்படைக்குமாறு உலக வங்கி அப்போது வலியுறுத்தி வந்தது. 1999 செப்டம்பரில் அரசு, நகரின் குடிநீர் உரிமையை 40 ஆண்டுகளுக்கு அகுவாஸ் டெல் துனாரி என்ற கூட்டு நிறுவனத்திடம் கொடுத்தது. ஒப்பந்தப்புள்ளி அளித்தது அந்த ஒரு நிறுவனம்தான். அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனத்துக்கு அதில் முக்கியப் பங்கு இருந்தது.

கட்டணம் உயர்ந்த காரணம்

புதிய கட்டணத்தின் மீது மூன்று சுமைகள் ஏற்றப்பட்டன. ஒன்று, செமாப்பாவின் பழைய கடன். இரண்டு, மிசிகூனி அணைத் திட்டத்தின் செலவு. மூன்று, நிறுவனத்துக்கு உறுதியளிக்கப்பட்ட, ஆண்டுக்குச் சுமார் 16 விழுக்காட்டு ஆதாயம். அணை இன்னும் கட்டப்படவில்லை. வரப்போகும் தண்ணீருக்கு மக்கள் முன்கூட்டியே பணம் கட்ட வேண்டியதாயிற்று. உயர்வைத் தணிக்க மானியம் தரக்கூடாது என்பது உலக வங்கியின் பரிந்துரை.

வீட்டுச் செலவில் தாக்கம்

2000 ஜனவரியில் புதிய பில்கள் வந்தன. சராசரி உயர்வு 35 விழுக்காடு என்றது நிறுவனம்; ஆனால் பல வீடுகளுக்குத் தொகை இரட்டிப்பானது. குறைந்தபட்ச மாத ஊதியம் 70 டாலரைத் தொடாத நகரில், 20 டாலர் அளவுக்குப் பில் வந்த குடும்பங்கள் இருந்ததாகச் செய்திகள் கூறின. சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் தண்ணீருக்கே போய்விட்டால், உணவுக்கும் பள்ளிச் செலவுக்கும் என்ன மிஞ்சும்? சட்டம் 2029 தங்கள் சொந்தக் கிணறுகளையும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் என்று அஞ்சிய உழவர்களும் நகரத்தாருடன் சேர்ந்துகொண்டனர்.

போராட்டம்

தொழிற்சங்கத் தலைவர் ஆஸ்கர் ஒலிவேரா முதலியோர் அமைத்த ஒருங்கிணைப்புக் குழு போராட்டத்தை நடத்தியது. மக்கள் கட்டணம் கட்ட மறுத்தனர், சாலைகளை மறித்தனர். ஏப்ரல் 8ஆம் நாள் அதிபர் ஊகோ பான்செர் நெருக்கடி நிலையை அறிவித்தார். அன்று துப்பாக்கிச் சூட்டில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். ஏப்ரல் 10ஆம் நாள் அரசு பணிந்தது, ஒப்பந்தம் கைவிடப்பட்டது. சட்டமும் திருத்தப்பட்டது.

பின்விளைவுகள்

இழப்பீடு கோரி நிறுவனம் பன்னாட்டு நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2006 ஜனவரியில் 2 பொலிவியானோ என்ற பெயரளவுத் தொகைக்கு வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. 2010 ஜூலை 28 அன்று, பொலிவியா முன்வைத்த தீர்மானத்தை ஏற்று, ஐ.நா. பொதுச்சபை தூய குடிநீரை மனித உரிமையாக அறிவித்தது.

குடிநீர் வழங்கல் மீண்டும் செமாப்பாவிடம் வந்தது. கட்டணமும் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் கடனும் கசியும் குழாய்களும் அப்படியே இருந்தன. மிசிகூனி அணை 2017இல்தான் திறக்கப்பட்டது.

குழாய் பதிக்கவும் அணை கட்டவும் பணம் வேண்டும் என்பது உண்மையே. அந்தப் பணத்தை யார், எப்போது, எவ்வளவு தருவது என்பதே கொச்சபம்பா எழுப்பிய கேள்வி. கட்டண உயர்வு நீங்கியதால் குழாய் இணைப்பு உள்ள வீடுகளின் பில் குறைந்தது. தெற்குப் பகுதியில் இணைப்பே இல்லாத குடும்பங்களுக்குக் குறைவதற்கு ஒரு பில்லும் இல்லை. அவர்கள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் லாரித் தண்ணீரையே கூடுதல் விலைக்கு வாங்கினர்.